யார் காலில் பிரேக்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ஃபிளாட் அம்மாவிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். "பத்தே நாள் கிளாஸ்... மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிட்டேன். பிரேக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு."

ஐம்பது வயதில் எனக்கெதற்கு டிரைவிங்? கணவருக்குக் கண் ஆபரேஷன். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காரை வித்துடலாம்" என்றார் இவர். ஆசை ஆசையாக வாங்கிய முதல் கார்... எனக்கு மனசே கேட்கவில்லை. ஒரு மாதம் டைம் கேட்டு, எங்கள் படூரிலேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

பதினோராம் நாள், சொல்லிக்கொடுக்கும் ஏழுமலையிடம் கேட்டேன்.

"என் பிரேக் எப்படி மாஸ்டர்?"

"நீங்க எங்க மேடம் மிதிச்சீங்க? பத்து நாளா நாந்தான் மிதிச்சிகினு கீறேன்."

குனிந்து பார்த்தேன். அவர் காலடியிலும் ஒரு பிரேக். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் அப்படித்தானாம். பத்து நாளும் நான் மிதிக்க நினைத்தேன், வண்டி நின்றது — அப்புறம் நிறுத்தியது நான்தான் என்றுதானே நினைப்பேன்? வேறென்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்?

அவமானமாக இருந்தது. அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். ஒழுங்காக நிறுத்தினாலும் அவர் கால்தான் என்று தோன்றியது. காரை விற்றுவிடலாம் என்று நானே சொல்ல இருந்தேன்.

கடைசி கிளாஸ். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்கள் இருக்கும் தெரு. பாதி செதுக்கிய பிள்ளையாரை ஏற்றிக்கொண்டு ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி திடீரென்று குறுக்கே வந்தது. கார் ஒரு முழம் தள்ளி நின்றது.

"நல்ல வேளை மாஸ்டர், மிதிச்சீங்க."

"நானா? இன்னா மேடம், என் காலப் பாருங்க."

பார்த்தேன். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நாஸ்தா பொட்டலம்.

"பொங்கலு மொத்தமும் கொட்டிப் போச்சு. இனிமே நீங்களே ஓட்டிக்கலாம்" என்றார் வருத்தமாக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று நம்பவே இன்னொருவர் காலை மடக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

லைசென்ஸ் வந்துவிட்டது. கார் எங்களிடம்தான் இருக்கிறது. இவர் பக்கத்து சீட்டில். சிக்னலைக் கண்டாலே வலது காலால் தரையை ஓங்கி மிதிக்கிறார். அங்கே பிரேக் கிடையாது — வெறும் ரப்பர் விரிப்புதான். வண்டி நின்றதும் ஒரு திருப்தியோடு என்னைப் பார்க்கிறார்.

இருந்துவிட்டுப் போகட்டும்... அந்த சந்தோஷம் எனக்கும் பத்து நாள் இருந்ததுதானே.