வலிக்கிறதா என்று கேட்கும் வேலை

நாய், பூனைக்கு நரம்பு பார்க்கிற டாக்டர் என்று அவளைப் பற்றிச் சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். "நாய்க்கு ஏதும்மா நரம்பு வியாதி? அதுக்கு என்ன பரீட்சையா, ஆபீஸா?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் கிடையாது. ஒருநாள் அவர்கள் வீட்டு நாயே கூடத்தில் விழுந்து, வாயில் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுக்கும். அன்றைக்குச் சிரித்த அதே வாய் போனில் அழும். அவள் யார்மேலும் வருத்தம் வைத்துக்கொள்வதில்லை. சிரித்தவர்களைக் காத்திருக்கும் அறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார வைப்பாள், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் அவளுக்கு 'நரம்பு மேடம்' என்று பெயர். அவள் அறைக்கு முன்னால் ஒரு நீளமான நடை. கால் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு போட்டிருக்கும். நோயாளி முதலில் அதில் நடந்து காட்ட வேண்டும். எந்தக் கால் இழுபடுகிறது, எந்த நகம் தரையில் உரசுகிறது என்று அவள் குத்துக்காலிட்டுப் பார்ப்பாள். பிறகு பாதத்தைப் புரட்டி வைப்பாள். நரம்பு சரியாக இருந்தால் நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். கெட்டிருந்தால் புரண்ட பாதத்தோடு அப்பாவியாக நிற்கும்.

அவளுடைய தலைவலி நோயாளிகள் இல்லை, கூட வருகிறவர்கள். வட்டம் வட்டமாகச் சுற்றிய பூனையைக் கொண்டுவந்த அம்மாள், பழைய சோபாவை விற்றதில் அதற்கு மனசு விட்டுப்போயிற்று என்று சாதித்தாள். தலையைச் சாய்த்தே நடந்த நாயின் சொந்தக்காரர் அதை 'யோசிக்கிற டைப்' என்றார். யோசனை காதுக்குள் சீழாகக் கட்டியிருந்தது. வலிப்புக்குத் தினமும் மாத்திரை கொடுக்கச் சொன்னால், "நல்லாத்தான் இருந்துச்சு மேடம், அதான் நிறுத்திட்டோம்" என்று திரும்பி வருகிறவர்கள் தனி ரகம். அது மாத்திரையால் நன்றாக இருந்திருக்கும் என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

ஆகையால் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வலி இருக்கிறதா என்று பார்க்கும்போது வளர்த்தவர்கள் வெளியே போய்விட வேண்டும். அவர்கள் "ஐயோ" என்றால் நாய் அதற்குத் துள்ளும். அவர்கள் தடவிக்கொடுத்தால் நாய் வலியை மறைக்கும். இரண்டுமே அவளுக்கு ஆகாது. போலீஸ் அதிகாரி, வக்கீல், அழுகிற குழந்தை, யாராக இருந்தாலும் வெளியேதான். இந்த விஷயத்தில் அவள் முகதாட்சண்யம் பார்ப்பதில்லை என்று ஊழியர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பெருமை அவளுடைய மாமனார் தன் நாய் லீடரைத் தூக்கிக்கொண்டு வந்த காலையில் போயிற்று.

மாமனார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில்தான் ஓய்வு பெற்றது, அவர் பெறவில்லை. அவர் வீட்டில் கதவு சத்தமாக மூடாது, கரண்டி தட்டில் உரசாது. "என் பையன் சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்து கை உடைஞ்சு வந்தான். ஒரு சத்தம்! ம்ஹூம், ஒரு சத்தம் வரலையே" என்று மருமகளிடம் பலமுறை மெடல் காட்டுவது போலச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்தான் அவள் கணவன். மனைவி இறந்த பிறகு மாமனார் வாங்கி வளர்த்தது லீடர். நீள முதுகும் குட்டைக் காலுமான நாய். அக்கம்பக்கத்தில் யாரும் அது குரைத்துக் கேட்டதில்லை.

காலையில் லீடர் கட்டிலிலிருந்து குதித்திருக்கிறது. பின்னங்கால் இரண்டும் வரவில்லை. முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு, தினமும் உட்கார வேண்டிய இடத்துக்கு நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

முதுகெலும்பின் நடுவிலுள்ள வட்டு ஒன்று பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது என்று படம் எடுத்ததும் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டியது ஒன்றுதான். பின்னங்காலில் வலி உணர்வு மிச்சம் இருந்தால், ஆபரேஷன் செய்து பெரும்பாலும் நடக்க வைத்துவிடலாம். உணர்வு போயிருந்தால் பாதிக்குப் பாதிகூட நிச்சயமில்லை. விரலை இடுக்கியால் அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு மாமனார் வெளியே போக வேண்டும்.

அவள் வாயைத் திறந்தாள். "மாமா..." என்றாள். அவர் அவளைப் பார்த்தார். "நீங்க தலையைப் பிடிச்சுக்கோங்க" என்று முடித்தாள்.

அவர் லீடரின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அதன் முகமே வெளியே தெரியவில்லை. "அசையக் கூடாது" என்றார் மெதுவாக. அவள் அழுத்தினாள். கால் சற்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"இழுக்குது! இழுக்குதும்மா!"

"அது தானா நடக்கிறது மாமா. மூளைக்குச் சேதி போகாமலே கால் இழுக்கும். வலிச்சா திரும்பிப் பார்க்கணும், கத்தணும்." இன்னும் பலமாக அழுத்தினாள். மற்றக் காலிலும் அழுத்தினாள். லீடர் திரும்பவில்லை, கத்தவில்லை. உதவிக்கு நின்ற பெண் தரையைப் பார்த்தாள்.

"உணர்வு போயிடுச்சு மாமா. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா..."

"ஆனான்னா வேணாம்மா." அவர் குரல் மைதானத்தில் பேசுவதுபோல நேராகவே வந்தது. "சந்தேகத்துக்காக அவனைக் கிழிச்சுப் பார்க்க வேணாம். ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிரு. கஷ்டப்பட விடாதே." லீடரின் காதைச் சரிசெய்து வைத்துவிட்டு, முகம் கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் வேறு சத்தமும் கேட்டது, குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துகொண்டார்.

உதவிப் பெண் ஊசி மருந்து அலமாரியின் சாவியை எடுத்தாள். "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? எல்லாரையும் வெளிய அனுப்புவீங்களே?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷ சட்டத்தை ஒரு 'மாமா'வுக்காகக் காற்றில் விட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். லீடர் தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தது. அசையாதே என்று சொல்ல ஆள் இல்லை. அவள் இடுக்கியை வைத்து அழுத்தினாள்.

லீடர் அலறிய அலறலில் பக்கத்து அறைப் பூனைகள் எல்லாம் சேர்ந்து கத்தின. அடுத்த நொடி அதன் பல் அவள் மணிக்கட்டில் இறங்கியிருந்தது.

மாமனார் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். மருமகள் கையில் ரத்தம். மேசைமேல் லீடர், அவரைப் பார்த்ததும் வாயை மூடி, ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து கிடந்தது.

"லீடர்! என்ன பழக்கம் இது?" அவர் கூசிப்போனார். "மன்னிச்சிரும்மா. இப்படியெல்லாம் நான் வளர்க்கல. யாரையும் கடிச்சதே இல்ல..."

"மாமா, அவனுக்கு வலிக்குது!" அவள் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "நல்லா வலிக்குது! உங்க முன்னாடி காட்டிக்கல, அவ்வளவுதான். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க யாராவது!"

டிரில் மாஸ்டருக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தான் கற்றுக்கொடுத்த பாடத்தை நாய் அச்சுப் பிசகாமல் ஒப்பித்ததில் அதன் உயிர் போகப் பார்த்தது என்பதை எந்த வாத்தியார்தான் சட்டென்று ஒப்புக்கொள்வார்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு தினமும் காலில் உணர்வு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுக்கியை எடுக்கும் முன்பே அவர் தானாக எழுந்து வெளியே போவார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். உள்ளே 'வாள்' என்று கேட்டால்தான் தோள் இறங்கும்.

லீடர் முதல்முறையாகப் பின்னங்காலை ஊன்றிய அன்று அவள் சொல்ல வெளியே வந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கத்துனானா?"

"கத்தினான் மாமா. நின்னான். கடிக்கவும் பார்த்தான்."

"நல்லது" என்றார். கண்ணாடியை மாட்டவில்லை. துடைத்ததையே துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார். "உன் புருஷன் வீட்டுல சத்தமாச் சிரிப்பானா?"

பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். அவன் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் அடங்கிவிடுவான்.

"சிரிப்பாரு மாமா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே லீடர் இன்னொரு முறை கத்தியது.

"நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையேம்மா" என்றார்.