கயலுக்குக் கேட்கும் தெரு

செவ்வாய், காலை 6.50. திருநெல்வேலி சந்திப்பில் வண்டி நின்றபோது என் இரண்டு பிள்ளைகளும் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை காலை சென்னைக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நடுவில் இருப்பது நான்கு நாட்கள். அதற்குள் ஒரு வீடும் ஒரு பள்ளிக்கூடமும் கிடைத்தாக வேண்டும்.

என் கணவர் ராஜவேல் காற்றாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர். கயத்தாறு பக்கம் மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சந்திப்புக்கு அருகே ஒரு விடுதியில் தங்கி வேலைக்குப் போய்வந்தார். மாற்றல் உத்தரவு வந்த அன்றே இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். கயலுக்கு ஏற்ற பள்ளி இங்கே கிடைத்தால் ஜூனில் நாங்கள் மூவரும் வந்துவிடுவோம். கிடைக்காவிட்டால் அவர் இங்கே, நாங்கள் அங்கே. எத்தனை வருடம் என்று தெரியாது.

கயலுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. காதுக்குப் பின்னால் நீல நிறக் கருவிகள் அணிந்திருப்பாள். அவற்றோடு, அமைதியான அறையில், அவளுக்கு எல்லாமே கேட்கும். ஆனால் கருவிக்கு எது டீச்சரின் குரல், எது பஸ் ஹாரன் என்ற பேதம் கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கும். சத்தமான இடத்தில் அவளுக்குப் பேச்சு தொலைந்துபோகும். தம்பி சர்வேஷுக்கு நான்கு வயது. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், சொன்னதைத்தான் கேட்கமாட்டான்.

வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா, வெயில் அடிக்குமா என்று பார்ப்பார்கள். நான் ஆறு ஒலிகளைக் கொண்டு பார்ப்பேன். கயலுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியை கற்றுக்கொடுத்த சோதனை அது. கயலுக்கு முதுகுப்பக்கம் ஆறடி தள்ளி நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று மாற்றி மாற்றிச் சொல்வேன். கேட்டதை அவள் திருப்பிச் சொல்வாள். சத்தமான இடத்தில் முதலில் காணாமல் போவது ‘ஸ்’.

செவ்வாய், காலை 9.30. கணவர் வேலைக்குப் போய்விட்டார். சந்திப்புக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் சாகுல், நாற்பது வயது இருக்கும், மேலப்பாளையத்துக்காரர்.

“பைய ஏறுங்கக்கா. சின்னவன நடுவுல இருக்க வைங்க. எங்கன போவணும்?”

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டை. இரண்டு கிலோமீட்டர், எண்பது ரூபாய். தரகர் காட்டிய வீடு புதியது, தரை பளபளவென்று இருந்தது. சோதனையைத் தொடங்கினேன். ‘ஆ’ வந்தது. ‘ஊ’ வந்தது. ‘ஷ்’ சொன்னேன், கயல் பேசாமல் நின்றாள். ‘ஸ்’ சொன்னேன், அதற்கும் அப்படியே நின்றாள். சன்னலுக்குக் கீழே வரிசையாக பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன.

“இங்கன விடிஞ்சதுலேருந்து பஸ்ஸுச் சத்தம் ஓயாதுக்கா. பெரியாளுக்கே மண்டையிடிக்கும்” என்றார் கூடவே மேலே வந்திருந்த சாகுல். நான் எதைத் தேடுகிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. “எங்க மேலப்பாளையத்துக்குக் கூட்டிட்டுப் போலாம். ஆனா பொய் சொல்லக்கூடாதுல்லா. ஒரு பக்கத்து வீட்டுல தறி ஓடுது. இன்னொரு பக்கம் வீடு கட்டுதாவ. எங்க உம்மா பீடி சுத்திக்கிட்டே ரேடியோவ அலற விடுவாவ. இந்தப் பிள்ளைக்கு ஆவாது.”

அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய், பிற்பகல் 2.15. பாளையங்கோட்டையில் ஒரு பெரிய பள்ளி. பெயர் வேண்டாம். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். கயலின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவளுடைய காதுகளைப் பார்த்தார்.

“ஒரு கிளாசுல அம்பதுக்கு மேல பிள்ளைய இருக்கு. டீச்சர் ஒரே ஆளு. உங்க பிள்ளைக்குன்னு தனியா கவனிக்க ஏலாது. பெறகு நீங்க வந்து குறை சொல்லக்கூடாது பாருங்க. வேற எடம் பாத்தா அவளுக்குத்தான் நல்லது.”

வெளியே வந்ததும் கயல் என் கையைப் பிடித்து இழுத்தாள். “அவங்க என்னை வேணாம்னு சொன்னாங்களா?”

அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்திருந்தேன். உதடுகளைப் படித்திருக்கிறாள். “இல்லடா. நாமதான் வேணாம்னு சொல்லிட்டோம்” என்றேன். அவள் நம்பவில்லை. நம்பியதுபோல் தலையை ஆட்டினாள், எனக்காக.

புதன், காலை 8.40. கணவரோடு வேலை செய்கிற ஒருவர் முக்கூடலைச் சொல்லியிருந்தார். ஆற்றங்கரை ஊர், சந்தடி கிடையாது, குறைந்த வாடகைக்குத் தனி வீடே கிடைக்கும் என்றார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சர்வேஷுக்கு டிக்கெட் வயது ஆகவில்லை. மூன்று பேரும் காசில்லாமலே இருபத்தைந்து கிலோமீட்டர் போனோம். பேட்டையைத் தாண்டியதும் வயல்கள். பிசானப் பருவ நெல் முற்றி, சில இடங்களில் அறுவடை எந்திரம் இறங்கியிருந்தது. முக்கூடலில் ஆற்றில் இறங்கிப் பாதம் நனைத்தோம். கருவிகளைக் கழற்றி என் பையில் வைத்துவிட்டுக் கயல் முழங்கால் ஆழத்தில் நின்று தம்பி மேல் தண்ணீரை வாரி இறைத்தாள்.

தெரு எப்படியென்றால், ஆறு ஒலிகளும் தேவைக்கு மேலேயே கேட்டன. பள்ளியில்தான் தடங்கல். தகரக் கூரை வேய்ந்த நீளக் கூடம், அதில் மூன்று வகுப்புகள் பக்கத்தில் பக்கத்தில். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, மற்றொன்று பாட்டுப் பாட, கூரை எல்லாவற்றையும் திருப்பி அடித்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர்.

“மறைக்காம சொல்லுதேன்மா. சேர்த்துக்கிட மாட்டேன்னு சொல்லல. ஆனா உங்க பிள்ளை இங்கன வாயப் பாத்துத்தான் படிக்கணும், காதால படிக்க முடியாது. புதுக் கட்டடத்துக்கு எழுதிப் போட்டிருக்கு. அது வந்த பெறகு வாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

மறுத்தவர்மேல் மதிப்பு வந்தது அன்று ஒருமுறைதான்.

வியாழன், காலை 8.15. முந்தின நாள் மாலையில் போனில் பேசிய இரண்டு பள்ளிகளும் கருவி என்ற சொல்லைக் கேட்டதும் இடமில்லை என்றுவிட்டன. விடுதி அறையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி கணவர் சொன்னார்: “நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன். சென்னைல வேற பாத்துக்கலாம்.”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கு” என்றேன். உறுதியாகச் சொன்னதாக நினைப்பு. கணவருக்கு அப்படிக் கேட்கவில்லை.

சாகுலை அழைத்தேன். வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை அணைத்தார்.

“அக்கா, நேத்து பூரா ரோசனையாவே இருந்துச்சு. எம் மவ ரிஸ்வானா படிக்குத பள்ளியோடத்தப் பாத்தியளா? பெரிய பேரெல்லாம் கெடையாது. பாளையங்கோட்டைல பெருமாள்புரத்துப் பக்கம், உள்ள தள்ளி ஒரு தெருவுல. தெனமும் நான்தான் கொண்டு விடுதேன். ஒரு கிளாசுல இருபத்தஞ்சு பிள்ளைகதான். அங்கன ஒரு டீச்சர் இருக்காவ, அவுக பேசினா தெருமுனை வரைக்கும் கேக்கும்.”

சந்திப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர். நூற்றைம்பது ரூபாய் என்று பேசினோம். கணவர் அன்று விடுப்புச் சொல்லிவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார்.

வியாழன், காலை 9.50. வேப்பமரங்கள் நின்ற முற்றம், ஓட்டுக் கட்டடம், முன்பருவ வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. தலைமையாசிரியை காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, “பேப்பர் பெறகு பாப்போம். பிள்ளை ஒரு பீரியடு உள்ள இருக்கட்டும். அவளுக்குப் பிடிக்குதான்னு மொதல்ல தெரியணும்” என்றார்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை செலின். ஜூனில் இதே பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்புக்குப் போகிறவர். கயலின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாகச் சொன்னார். என்னிடம் பேசும்போதும் அதேபோலத்தான். எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். “பயிற்சியா? நான் உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா வள்ளத்துக்குப் போறவங்க. வீட்டு வாசல்ல அலை. முதுகக் காட்டிட்டுப் பேசினா அங்க ஒருத்தருக்கும் கேக்காது. மொகத்தப் பாத்து, வாயத் தெறந்து பேசணும். அந்தப் பழக்கம் போவவே இல்ல.”

கயல் ரிஸ்வானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்றோம். ரிஸ்வானா அவள் காதைச் சுட்டிக்காட்டினாள்.

“இது என்னது?”

“மெஷின். இதை வெச்சாதான் எனக்குக் கேட்கும்.”

“செவப்புக் கலர்ல கெடைக்குமா?”

“கிடைக்கும். நான்தான் ப்ளூ கேட்டேன்.”

அதோடு அந்த விசாரணை முடிந்தது.

செலின் டீச்சர் சொல்வதை எழுதச் சொன்னார், பத்துச் சொற்கள். கயல் இரண்டு சொற்கள் எழுதினாள். மூன்றாவதில் பென்சில் நின்றுவிட்டது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான்காவது சொல்லும் போனது. அவள் சன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

சென்னையில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவாள், அவளே சொல்லியிருக்கிறாள். கேட்கவில்லை என்று வகுப்பில் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினேன். கணவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

கயல் எழுந்து நின்றாள்.

“டீச்சர், அந்த ஃபேன் சத்தம் போடுது. அதை நிறுத்தினா எனக்குக் கேட்கும்.”

வகுப்பே அண்ணாந்து விசிறியைப் பார்த்தது. டீச்சரும் பார்த்தார்.

“ஆமால்லா! எனக்கே இது தலைவலி. சுவிட்சுப் பக்கத்துல யாரு? அமத்துங்க.”

“டீச்சர், வேர்க்குமே!” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“வேர்த்தா தொடச்சுக்கோ. எல்லா சன்னலையும் தெறங்க. மொதல்லேருந்து சொல்லுதேன், எல்லாரும் புதுப் பக்கத்துல எழுதுங்க.”

விசிறி நின்றது. பத்துச் சொற்களும் மீண்டும் வந்தன. கயலின் பென்சில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பத்துக்கு ஒன்பது. ‘வாழை’யை ‘வாளை’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் காதைக் குறை சொல்ல முடியாது. அந்த வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அவள் அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு தலைமையாசிரியையின் அறைக்குப் போய் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். “ஃபேன இந்த வாரமே மாத்தச் சொல்லுதேன்” என்றார் அவர். “அத நாங்கதான் எப்பவோ செஞ்சிருக்கணும்.”

வாசலில் சாகுல் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். திரும்பி வரும் சவாரிக்குக் காசு வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். எம் மவளுக்குக் கூட்டாளி கெடைச்சாச்சு, அதுக்கு நான்தான் உங்களுக்குக் கொடுக்கணும் என்றார்.

வெள்ளி, பகல் 11.00. பள்ளி கிடைத்தபின் வீடு தேடுவது எளிதாகிவிட்டது. பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும். நான்கு தெருக்கள் நடந்தோம். ஒன்றில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது, ஒன்றில் மரம் அறுக்கும் பட்டறை. நான்காவது தெருவில் ஒரு மளிகைக் கடை, அதற்கு மேலே மாடி வீடு காலி. உரிமையாளர் பெங்களூரில். சாவி கடைக்கார அண்ணாச்சியிடம்.

மாடி முன்னறையில் கயலைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, நான் பின்னால் நின்று “ஷ்” என்றேன். “ஷ்” என்றாள். “ஈ” என்றேன். “ஈ” என்றாள். அண்ணாச்சி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏ, என்னம்மா செய்யுதிய? வீட்டுக்கு ஏதும் மந்திரமா?”

கணவர் விளக்கினார். அண்ணாச்சி கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு படியிறங்கிப் போனார். கடையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது. கீழிருந்து குரல் வந்தது:

“இப்பச் சொல்லுங்கம்மா!”

“ஸ்” என்றேன், முடிந்த அளவு மெதுவாக.

“ஸ்” என்றாள் கயல். உடனே திரும்பி, “அம்மா, நீ ரொம்ப ஈஸியா சொல்ற” என்றாள்.

வாடகை எட்டாயிரம், முன்பணம் நாற்பதாயிரம். பள்ளிக்கு எட்டு நிமிட நடை, நான்கு வயதுக் காலுக்குப் பத்து. காதுக் கருவியைச் சரிபார்க்கும் மருத்துவமனை இரண்டு கிலோமீட்டர். பெங்களூருக்குப் போன் போட்டு அண்ணாச்சியே பேசினார். “நல்ல குடும்பம், நான் பாத்துட்டேன், வேற யாருக்கும் வாக்குக் கொடுத்துராதீய” என்று சொல்லி வைத்துவிட்டார். எங்களை அவருக்குத் தெரிந்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

சனி, காலை. வண்டி புறப்பட்டபோது கணவர் நடைமேடையில் எங்கள் சன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார். ஜூன் தூரத்தில் இல்லை என்று கைவிரல்களில் மாதங்களை எண்ணிக் காட்டினார். கங்கைகொண்டானைத் தாண்டும்போது நான் சென்னையை நினைத்துக்கொண்டேன். ஏழு வருடம் ஒரே அடுக்ககத்தில் இருந்தோம். பெயர் பெற்ற பள்ளி, பெயர் பெற்ற பகுதி. அங்கே இடம் கிடைக்க விடியற்காலையில் வரிசையில் நின்றிருக்கிறேன். கிடைத்ததே பெரிது என்பதால், அந்த வகுப்பறையில் என் மகளுக்கு என்ன கேட்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க ஒருநாளும் துணிந்ததில்லை. ஊர் மாறவேண்டி வந்ததால்தான் அதைக் கேட்கவே கற்றுக்கொண்டேன்.

எதிர் இருக்கையில் சாத்தான்குளத்து அம்மா ஒருவர், மகளின் பேறுகாலத்துக்காகச் சென்னைக்குப் போகிறவர். மடியில் கருப்பட்டிப் பெட்டி. கயலைப் பார்த்து, “நீ எந்த ஊரு பிள்ள?” என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

“பாளையங்கோட்டை” என்றாள் கயல்.

“பெறகு மெட்ராசுக்கு எதுக்குப் போறிய?”

“அங்க எங்க சாமான் கொஞ்சம் இருக்கு” என்றாள். “எடுத்துட்டு வரப் போறோம்.”