முயலுக்கு எந்தக் காலிபர்?

ஷார்ஜா ரோலா பக்கம் ஒரு வேட்டைச் சாமான் கடையில், பதினெட்டு வருஷமாக ஏர் ரைஃபிள் கவுன்ட்டர் என்னுடையது. எங்கள் சீசன் குளிர்காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஜூலையில்தான் ஊருக்குப் போவேன். ஜூலையில் யார் வீட்டில் குடில் கட்டுகிறார்கள்? குளச்சலில் என் மனைவி ஜெஸி கட்டும் கிறிஸ்துமஸ் குடிலைப் பதினோரு வருஷம் போனில்தான் பார்த்தேன். ஒரு வருஷம் மேனேஜர் கரீம் பாய் மனது வைத்தார். டிசம்பர் இருபத்து மூன்றுக்கு டிக்கெட் போட்டாயிற்று. குடிலுக்கு மேலே தொங்கவிட ரோலாவில் பெரிய ஸ்டார் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

இருபதாம் தேதி பூ ஹமத் வந்தார். வயதான அரபி, என் பழைய கஸ்டமர், வருஷா வருஷம் பர்மிட் வாங்கி வெளிநாட்டில் வேட்டைக்குப் போகிறவர். அதுவரை புறாதான் சுட்டிருந்தார். இந்த முறை முயல், நாற்பது மீட்டரில்.

காலிபர் என்றால் குழலின் அளவு. ஸ்டாக்கில் .177, நாங்கள் சொல்கிற ஒன் செவன் செவன், மட்டும் இருந்தது. சின்னக் குண்டு, வேகமாக நேரே போகும். புறாவுக்குத் தங்கமான சாமான். முயலுக்கு ஒரு விரற்கடை தப்பினாலும் போச்சு, குண்டோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். அடுத்த அளவான .22, அதாவது டூ டூவின் குண்டு கனம். தூரத்தில் கொஞ்சம் தாழும், ஆனால் பட்டால் அடி பலமாக இறங்கும். அந்த டூ டூ ஜெபல் அலி துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் கிடந்தது. கையில் வர இருபத்தாறாம் தேதி ஆகும். வந்தபின் குறி பார்க்கும் ஸ்கோப்பை மாட்டி ஜீரோ பண்ண வேண்டும், அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி திருத்த வேண்டும். பூ ஹமத் என்னைத் தவிர வேறு யாரையும் தன் ஸ்கோப்பைத் தொட விடமாட்டார்.

கரீம் பாய் மேலப்பாளையத்துக்காரர். என்னை ஓரமாக இழுத்தார். “லாசரு, இருக்கறதக் குடுத்து அனுப்புல. டிக்கெட் போட்டாச்சுல்லா? யல்லா, கெளம்பு.”

பூ ஹமத் இரண்டு காலிபரைப் பற்றியும் கேட்டுவிட்டு, முடிவை என்னிடமே விட்டார். நான் சொல்வதுதான் வாங்குவாராம்.

டூ டூ என்றேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினேன். சொன்ன பிறகு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

இருபத்தைந்தாம் தேதி கவுன்ட்டரில் நின்றபடி போனில் குடிலைப் பார்த்தேன். மேலே ஸ்டாருக்குக் கட்டிய கயிறு வெறுமனே தொங்கியது. அங்கே இருக்க வேண்டும்போல் அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரு கஸ்டமர் பெல்லட் குண்டு கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

ஜனவரியில் பூ ஹமத் திரும்பி வந்தார். ஒரே குண்டு, முயல் நின்ற இடத்தில் விழுந்தது, கலாஸ், முடிந்தது என்றார். அன்றைக்கே ஜெஸியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டாள்:

“முயலுக்கு நோவக்கூடாதுண்ணு பாத்திய. எனக்கு?”

இந்தக் கவுன்ட்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். என்ன மிருகம், எத்தனை மீட்டர் என்று முதலில் கேளுங்கள். சரியான காலிபர் ஸ்டாக்கில் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அதில் நான் தப்புப் பண்ணவில்லை. கூட நிற்கும் ஒருவருக்கு ஜீரோ பண்ணக் கற்றுக்கொடுத்து, அவர் கையையும் கஸ்டமர் நம்பும்படி செய்யுங்கள். நான் அதைச் செய்யவில்லை. லாசர் கைதான் வேண்டும் என்று கஸ்டமர்கள் சொல்வது எனக்கு அத்தனை இனித்தது. ஸ்டார் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.