வரிசையில் மூன்றாம் இடம்

முதல் ஆள் வெள்ளைக்காரக் கிழவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடையது ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை. இரண்டாவது, சென்னையிலிருந்து வந்த டாக்டர் பெண். கெண்டோ, மூங்கில் வாள். மூன்றாவது அண்ணை. கூடப் பிறந்தவர் இல்லை. பாரிஸில் இருந்துவிட்டு வந்து லண்டனில் பஸ் ஓட்டியவர். ஜூடோ. நான்காவது நான். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் மீன் வெட்டுகிறேன். ஜெர்மனியில் இருந்தபோது கராத்தே பழகினேன்.

மனோர் பார்க்கில் சின்ன ஹால். ஞாயிறு காலை. தனித்தனியாக எடுக்க வாடகை கட்டாது, அதனால் சேர்ந்து எடுத்தோம். தொடங்கும்போது வரிசையாக முழங்காலிட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு எண் ஜப்பான் மொழியில் சொல்லுவோம். இச்சி, நி, சான், ஷி. பெல்ட் பார்ப்பதில்லை. ஹாலுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்தவர் முதல்; அந்த இடம் பிறகு மாறாது.

ஆரம்பத்தில் எவருடைய கலை பெரிது என்று ஒரே கொழுவல்.

"தம்பி, உங்கடை கராத்தே காத்தோடை சண்டை. காத்து ஒருநாளும் திருப்பி அடிக்காது" என்பார் அண்ணை.

"நீங்கள் உடுப்பைப் பிடிச்சு இழுக்கிறியள். மலிவு விற்பனையிலை சனம் அதைத்தானே செய்யுது" என்பேன்.

"ரெண்டு பேரும் என் வாள் எட்டுற தூரத்துல நின்னு பேசுங்க" என்பார் டாக்டர்.

போகப் போக அந்தப் பேச்சு குறைந்தது. எல்லோரும் வாசலில் குனிந்து வணங்கித்தான் உள்ளே வருகிறோம். வென்றவர் தோற்றவருக்கும் குனிகிறார். இன்னொன்றும் உண்டு. முடிந்த பிறகும் கவனத்தை விடக் கூடாது. ஸான்ஷின் என்று பெயர். நான் குத்தி முடித்தாலும் கண்ணை எடுக்க மாட்டேன். டாக்டர் அடித்துக் கடந்து போய், திரும்பி, வாளை நீட்டி நிற்பார். கிழவரும் அப்படித்தான். அண்ணை, எறிந்த ஆளின் சட்டைக் கையை விட மாட்டார்.

"விட்டா தலை அடிபடும். எறியிறது பாதி வேலைதான்."

பிறகு மகள் அவரை டொரொன்டோவுக்குக் கூப்பிட்டாள். ஹீத்ரோவுக்கு நான் கூட்டிப் போனேன்.

"என்ரை இடத்தைப் பிடிச்சு வை. சமர் லீவுக்கு வாறன்."

"ஓம்."

என் ஜாக்கெட் கையைப் பிடித்தபடி நின்றார். பிறகு விட்டார். குனிந்தோம். முதுகு காட்டாமல் இருவரும் பின்பக்கமாகவே நடந்தோம். அவர் யாருடையதோ சூட்கேஸில் போய் இடித்தார். அப்போதும் என்னைத்தான் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அவர் இடத்தை வெறுமையாக விட்டு இருந்தேன். கிழவர் இச்சி, டாக்டர் நி. கொஞ்சம் பொறுத்து நான் ஷி என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே போனது. கதவு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

கோடை வந்தது. அவர் வரவில்லை. போன்தான் வந்தது.

"முழங்கால் பழுதாப் போட்டுது, தம்பி. இனிப் பாயிலை ஏற வேண்டாம் எண்டு ஆசுப்பத்திரியிலை சொல்லிப்போட்டாங்கள்."

"சும்மா வந்து பாத்துக்கொண்டு இருங்கோவன்."

"ஏலாது. மகள் விடாள். நீ இடத்தை மூடு. வரிசையிலை ஓட்டை வைக்கப்படாது. அது எல்லாக் கலைக்கும் ஒண்டுதானே."

"ஓம்."

"கடையிலை மீனுக்குக் கராத்தே காட்டாதை."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவருடைய மூச்சு கேட்டது.

ஞாயிறு வந்தது. நகர்ந்து அண்ணையின் இடத்தில் இருந்தேன். பாய் குளிர்ந்து கிடந்தது. கிழவர் சொன்னார். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். நான் சான் என்றேன்.

மூன்று.