அருவிப் பாறையில் ஆறு பிடி

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட முப்பிடாதியை விட்டால் ஆளில்லை என்பது என் கட்சி. இல்லை என்கிறவர்கள் அவர் கையில் முதுகைக் கொடுத்துப் பார்க்காதவர்கள். நான் தென்காசி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவன். அவர் தொட்டால் டிக்கெட்டிலும் எண்ணெய்க் கறை நிற்கும்.

1936 சாரல் காலத்தில் தாணு என்ற கல்லூரி வாத்தியார் பூச்சி தேடி வந்தார். பாயும் தண்ணீருக்கு அடியில் பாறையைப் பற்றி வாழும் புழு. வளர்ந்தால் கொசு மாதிரி ஒரு ஈ. வயிற்றில் வரிசையாக ஆறு உறிஞ்சிகள். சின்னப் பூச்சிக் குடும்பம்தான், ஆனால் மிகப் பழையது. இமயமலையில் கொஞ்சம், கடல் தாண்டி ஆஸ்திரேலிய மலைகளில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறதாம். தேங்கிய தண்ணீரில் பிழைக்காது. இது வாழும் ஊர்களென்று அவர் எழுதும் பட்டியலில் குற்றாலம் ஏறுமா என்பதுதான் கேள்வி. எட்டு நாள் தேடியும் சிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவருக்கு ரயில்.

முதுகைக் காட்டிக்கொண்டே அவர் புலம்ப, முப்பிடாதி சிரித்தார்.

"இது செண்பகாதேவி அருவியில கெடக்குதே சார்!"

தேய்த்த கையோடு மேலேறிப் பத்துப் புழுவைப் பிடித்துவந்தார். சாடி முழுக்க எண்ணெய் மிதந்தது. புழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உறிஞ்சி எது, கால் எது என்று தெரியாமல் குழம்பிக் கிடந்தன.

"இதை வச்சு நான் எப்படி வேய் எழுத? உம்ம கை எண்ணெய் எல்லாத்தையும் கெடுத்துட்டுதே!"

முப்பிடாதிக்கு முகம் செத்துவிட்டது. ஊர்ப் பெயரைத் தானே கெடுத்துவிட்டோம் என்று அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

விடிந்ததும் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா? "என்னலே, மாப்பிள்ளை மாதிரி கெளம்பிட்டே?" என்று கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் மேலேறினார்.

ரயில் வரப் பத்து நிமிஷம் இருக்கையில் புதிதாகப் பிடித்த புழுக்களோடு வேர்த்து விறுவிறுக்க ஸ்டேஷனுக்குள் நுழைந்தார். தாணு சார் என் மேஜையிலேயே லென்ஸை வைத்துப் பார்த்தார். ஆறு உறிஞ்சிகளும் பளிச்சென்று தெரிந்தன.

"இவ்வளவு தூரம் இது எப்படி வேய் வந்துது?"

"எங்கேருந்தும் வரலை சார். நடுவுல இருந்ததெல்லாம் அழிஞ்சு போயிருக்கும். இது இங்கனயே பிடிச்சுக்கிட்டுக் கெடக்குது."

"எங்க புஸ்தகமும் சுத்தி வளைச்சு அதைத்தான் சொல்லுது" என்றார் சார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாடியில் ஒட்டும் சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் பெயர் என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

"எம்பேரு எங்கன இருக்கு சார்?"

சார் காட்டிய இடத்தில் முப்பிடாதி விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. எடுத்தபோது நான் எட்டிப் பார்த்தேன். காகிதத்தில் கறை இல்லை.