வெட்ட வேண்டிய கயிறு

அத்தானும் நானும் ஒரே கூரை வேலைக்குப் போகவேண்டும் என்று கேட்டது அக்காதான். எங்களோடு வேலைசெய்த ஒருவர் பழைய கூரைச் சீற் உடைந்து உள்ளே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து அவளுக்குச் சரியான நித்திரை இல்லை. "ரெண்டு பேரும் ஒண்டா நிண்டியளெண்டா எனக்குக் கொஞ்சம் ஆறுதல்" என்றாள். ஒருவர் விழும்போது பக்கத்தில் நிற்பவரால் என்ன செய்ய முடியும் என்று அவள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

சீனன்குடாவுக்குப் போகும் வழியில், கடலோரமாக, படகு திருத்தும் கொட்டகை ஒன்றில் பழைய தகரத்தைக் கழற்றிப் புதிதாகப் போடும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. கொட்டகையின் ஒரு பக்கம் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்துக் கூரை விளிம்புக்கு நேர் கீழே, எப்போதோ உடைந்துபோன இறங்குதுறையின் கொங்கிறீற் துண்டுகள் கடலுக்குள் கிடந்தன. அவற்றின் கம்பிகள் தண்ணீருக்கு வெளியே குத்திட்டு நின்றன. மேலே நின்று வேலை செய்யும்போது நான் அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த இடத்துக்காரர் கண்டிப்பானவர். பெல்ற் கட்டாமல் ஒருவரையும் ஏற விடமாட்டார். தோளையும் தொடையையும் சுற்றி இறுக்குகிற புதுப் பெல்ற்றுகள். நெஞ்சில் ஒரு வளையம், முதுகில் ஒரு வளையம். முதுகு வளையத்திலிருந்து ஒரு கயிறு போகும். அதைக் கூரையின் இரும்புச் சட்டத்தில் கட்டிக்கொண்டுதான் வேலை. எங்கள் பாஸ், அதாவது வேலையை எடுத்து நடத்துகிறவர், "இனி விழுந்தாலும் பயமில்லையடா" என்று பகிடியாகச் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்குவதற்கு முன், கடல் பக்கத்து விளிம்பில் மிஞ்சியிருந்த தகரத்தை அத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். அடியில் துரு தின்றிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. தகரம் கிழிந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அத்தானைக் காணவில்லை. அவருடைய கயிறு மட்டும் சட்டத்திலிருந்து விறைத்துப்போய் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது.

குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். என் கைக்கு எட்டாத ஆழத்தில், முதுகால் தூக்கப்பட்ட ஆட்டுக்குட்டி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார். கம்பிகள் அவருக்கு இன்னும் வெகு கீழே இருந்தன.

"அத்தான்!"

"ஒண்டுமில்லையடா, இருக்கிறன்" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். மேலே நின்ற எல்லோருக்கும் உயிர் வந்தது. பெல்ற் காப்பாற்றிவிட்டது என்று ஒருவரையொருவர் தட்டிக்கொண்டோம்.

பிறகுதான் அவரை எப்படி எடுப்பது என்ற கேள்வி வந்தது. ஏணி வைக்கக் கீழே தரை இல்லை. நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். காலூன்ற இடமில்லாமல் வழுக்கிய தகரத்தில் நாங்களே விளிம்பை நோக்கிச் சரிந்தோம். பாஸ் "விடுங்கோ, விடுங்கோ!" என்று கத்தினார். உதவிக்கு ஆட்களைக் கூப்பிட்டுத் தொலைபேசியில் பேசினார். அவர்கள் வந்து சேர நேரமாகும் என்றார்கள்.

மறுபடி எட்டிப் பார்த்தபோது அத்தான் சிரிக்கவில்லை. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. "தம்பி, கால் ரெண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு. தலை சுத்துது" என்றார். விழாமல் தப்பிய மனிதர் என் கண்ணெதிரே தொங்கியபடியே போய்விடுவார் போலிருந்தது.

கொட்டகையின் களஞ்சியத்தில் வேலைசெய்கிற பெண் ஒருவர் கரையோரமாக ஓடிவந்து கத்தினார். முதலுதவி வகுப்புக்குப் போனவராம். "தொடையில வார் இறுக்குது, ரத்தம் கீழயே நிக்குது! கயித்தில ஒரு கண்ணி போட்டு இறக்குங்கோ. அவர் அதுக்குள்ள காலை வச்சு மிதிச்சு எழும்பட்டும். சும்மா தொங்க விடாதேங்கோ!"

கண்ணி போட்டு இறக்கினோம். அத்தானின் கால் அதைத் தேடித் தேடித் தவறியது. "இடப்பக்கம், அத்தான், இன்னும் இடப்பக்கம்" என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். கடைசியில் ஒரு கால் உள்ளே போனது. மிதித்து ஒரு விரற்கடை எழும்பினார். "ஆட்டுங்கோ, மற்றக் காலை ஆட்டுங்கோ" என்று நிறுத்தாமல் கதை கொடுத்துக்கொண்டிருந்தேன். கதையை நிறுத்தினால் அவர் கண்ணை மூடிவிடுவார் என்று பயம்.

இதற்குள் மீன்பிடிக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறவர், எங்கள் கூச்சலைக் கேட்டுத் தன் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கம்பிகளுக்கு இடையில் ஒரு தடியை ஊன்றிப் படகை நுழைத்து, "இறக்குங்க, நான் புடிக்கிறன்!" என்றார்.

இறக்குவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. தகரம் ஏற்றுகிற தடித்த கயிற்றின் கொளுக்கியை அத்தான் தன் நெஞ்சு வளையத்தில் மாட்டவேண்டும். அந்தக் கயிற்றை நாங்கள், தகரம் கழன்ற இடத்தில் தெரிந்த இரும்புத் தூணில் சுற்றி இறுக்கிப் பிடிக்கவேண்டும். பிறகு பெல்ற் கயிற்றை வெட்டவேண்டும். பாரத்தில் இறுகிப்போன அதன் முடிச்சை அவிழ்க்கவே ஏலாது.

கொளுக்கியை மாட்ட அத்தானின் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. எத்தனை முறை தவறியது என்று தெரியாது. மாட்டியதும் "கொளுவிப்போட்டன்" என்றார். சரியாகக் கொளுவியிருக்கிறதா என்று மேலேயிருந்து பார்க்க முடியவில்லை. அவருடைய சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

தூணருகில் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். விளிம்புக்குக் கிட்ட இருந்தவன் நான். கத்தி என் கையில் வந்தது.

என் முன்னால் மூன்று கயிறுகள் விளிம்பைத் தாண்டிக் கீழே போயின. ஒன்றில் அவர் கால் மிதித்திருந்தது. ஒன்று இனி அவரைத் தாங்கப்போவது. ஒன்று இதுவரை தாங்கியது. எது எதுவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நகரவில்லை. சட்டத்திலிருந்த முடிச்சில் விரலை வைத்து, அங்கிருந்து விளிம்புவரை தடவிக்கொண்டு போனேன். "பாஸ், இதுதானே?" என்றேன். "ஓம், அதுதான்." மறுபடி கேட்டேன். "ஓமடா, வெட்டு!"

முதல் புரி அறுந்ததும் கயிறு முறுகி அதிர்ந்தது. கீழேயிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு நான் மெதுவாக வெட்டவில்லை. கயிறு படாரென்று அறுந்தது. அத்தான் ஒரு முழம் கீழே விழுந்தார். தூணில் சுற்றியிருந்த கயிறு கீச்சிட்டது. நின்றது.

அந்த ஒரு முழத்துக்குள் நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். காக்கா எட்டி அவருடைய காற்சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். "புடிச்சிட்டன்!" என்று அவர் கத்தியபோது நான் கத்தியைக் கீழே வைக்க முயன்றேன். விரல்கள் விரியவில்லை. பாஸ் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அத்தானைச் சில நாள் மறித்து வைத்துக் கவனித்தார்கள். தொடைகள் இரண்டிலும் வார் பட்ட இடம் நாவற்பழம் போலக் கறுத்திருந்தது. அக்கா வந்து அவரைப் பார்த்துவிட்டு வெளியே என்னிடம் வந்தாள்.

"நீ எங்க நிண்டனி?"

"மேலதான் நிண்டனான்."

அவள் என் சேட்டில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றாள்.

காயம் ஆறியதும் அத்தான் வேலைக்கு வந்துவிட்டார். வேறு வேலை தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் கூரை விளிம்புக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொள்வேன்.

அண்மையில் கிளிவெட்டியில் ஒரு நெல் ஆலைக்குக் கூரை மாற்றப் போனோம். ஏறுவதற்கு முன் நான் பாஸிடம், "ஒருத்தர் தொங்கினா எப்பிடி இறக்கிறது? அதைச் சொல்லுங்கோ, பிறகு ஏறுறன்" என்றேன். முதலில் எரிச்சல்பட்டார். பிறகு இறக்குகிற கயிறும் உயரமான ஏணியும் வரும்வரை எல்லோரையும் கீழேயே நிறுத்தினார். ஆலை வாசலின் இரும்புச் சட்டத்தில் ஆளாளுக்குப் பெல்ற்றோடு தொங்கிப் பார்த்தோம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பகிடிவிட்டுக்கொண்டு ஏறியவர்கள் தொடையைத் தடவிக்கொண்டு இறங்கினார்கள்.

அத்தான் அந்தப் பக்கமே வரவில்லை. வயல் வரம்பில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் முறை வந்தபோது, வாரின் இறுக்கம் தொடையில் ஏற ஏற, அவரைக் கூப்பிடவேண்டும் போலிருந்தது. கூப்பிடவில்லை. என்னை இறக்கிவிட்டபின் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"கனநேரம் தொங்கினியோ?" என்று என்னைப் பாராமலே கேட்டார்.

"இல்லை, அத்தான். கொஞ்ச நேரந்தான்."