எந்த மாதிரி?

பள்ளிக்கூடத்தில் அவளை 'ஒரு மாதிரி டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் பாசமாகச் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் அதையே உதட்டைச் சுழித்துக்கொண்டு சொன்னார்கள். அவள் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போவாள்.

பெயர் வந்த கதையைக் கேளுங்கள். அறிவியல் பாடத்தின் நடுவே ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். என்னவென்று கேட்டால், "ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. வகுப்பே சிரித்தது. டீச்சருக்கு வந்ததே கோபம்! "சிரிக்கிறவங்கல்லாம் சொல்லுங்க, எந்த மாதிரி? வயித்தப் பிசையுற மாதிரியா, தொண்டைய அடைக்கிற மாதிரியா?" ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற பிள்ளைகள்!

மறுநாள் முதல், பாடம் தொடங்குமுன் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டுச் சற்று நேரம் பேச்சு. 'ஒண்ணுமில்ல' என்ற சொல் அங்கே செல்லாது. 'ஒரு மாதிரி' என்று யாராவது ஆரம்பித்தால், மற்றவர்கள் "எந்த மாதிரி?" என்று கேட்டுக் கேட்டு அதற்குப் பெயர் கண்டுபிடிக்க உதவ வேண்டும். ஏக்கமா, எரிச்சலா, பொறாமையா? கண்டுபிடித்த பெயர் கரும்பலகையின் ஓரத்தில் ஏறும்.

வந்தது வினை. அன்று அழுத பெண்ணின் அப்பா பஸ் ஓட்டுநர். அவள் வீட்டில் வாயைத் திறந்துவிட்டாள்: "நாலு பேர் முன்னாடி நீங்க கத்துறப்ப எனக்குப் பயமா இல்லப்பா, அவமானமா இருக்கு." அவர் நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்து குதித்தார்.

அவர் போனதும் தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டுச் சீறினார். "பாடம் நடத்தச் சொன்னா பஞ்சாயத்து நடத்துறீங்களா? நாளையிலிருந்து அந்த வட்டம் கிடையாது."

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலையே சார்?"

"மீறி நடந்தா அந்த வகுப்பே உங்களுக்குக் கிடையாது. அவ்ளோதான்."

வெளியே வந்து கதவை அறைந்து சாத்தினாள். ஆனாலும் பயந்தாள், அதை மறைப்பானேன்? அந்தப் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. மாலையில் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் நடைவழியில் வரும்போதே தலைமையாசிரியரின் குரல் கேட்டது. வகுப்பு வாசலில் நின்றிருந்தார். உள்ளே பெஞ்சுகள் வட்டமாகக் கிடந்தன.

"யாரைக் கேட்டுத் திருப்பினீங்க?"

ஓட்டுநரின் மகள் எழுந்தாள். "யாரையும் கேக்கல சார். நாங்களேதான். டீச்சர் இன்னும் வரவே இல்ல."

"என்ன திமிரு!"

"திமிரில்ல சார்." உதடு நடுங்கியது. "ஒரு மாதிரியா இருக்கு."

"எந்த மாதிரி?" என்றது மொத்த வகுப்பும். தலைமையாசிரியர் நிற்பதையே மறந்துவிட்டார்கள், அடப்பாவிகள்!

"தொண்டைய அடைக்குது. அழுகை வருது. ஆனா உக்கார மாட்டேன்."

"பயமா?"

"இல்ல."

"கோவமா?"

"கோவம் மட்டும் இல்ல."

மூலையிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய், அது ரோஷம்!"

"ஆமா," என்றாள் அவள், தலைமையாசிரியரை நிமிர்ந்து பார்த்து. "ரோஷமா இருக்கு சார்."

டீச்சர் சொல்லிக்கொடுக்காத வார்த்தை அது. டீச்சர் தலைமையாசிரியரைத் தாண்டி உள்ளே போனாள். சாக்பீஸை எடுத்து 'ரோஷம்' என்று பெரிதாக எழுதிவிட்டு, வட்டத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அதேதான் சார். வகுப்ப எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க. உங்களுக்கு எப்படி இருக்கு?"

அவர் வாயைத் திறந்து, மூடி, "ஒண்ணுமில்ல" என்றார்.

"அது செல்லாது சார்!" என்றார்கள் எல்லோரும்.